‘பழகிய உடம்பு’ என்னும் சமாதானம்

“இவங்கெல்லாம் வெயில்ல வளர்ந்த உடம்பு சார். ஏசியில வெச்சாத்தான் சளி பிடிச்சுப் படுத்துக்குவாங்க.”

சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகி என்னிடம் சொன்னது இது. அக்னி நட்சத்திரம் தொடங்கி இரண்டாவது வாரம். என் அத்தை அங்கே இரண்டாவது மாடியில் இருந்தார். அதற்கு மேலே மொட்டை மாடிதான். நிர்வாகி கல்நெஞ்சக்காரர் இல்லை. அங்கிருந்த அத்தனை பேரின் பெயரும் அவருக்குத் தெரியும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டுவலி என்று ஏட்டைப் பார்க்காமல் சொல்வார். தான் சொன்னதை அவர் முழுமனதாக நம்பினார். அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. அவரோடு எனக்குச் சண்டை கிடையாது. அந்த நம்பிக்கையோடு உண்டு.

ஏனென்றால் அது அவர் ஒருவருடைய நம்பிக்கை இல்லை. அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் மகனிடமும் மகளிடமும் அது இருக்கிறது. இல்லங்களுக்கு நன்கொடை தருகிறவர்களிடம் இருக்கிறது. முதியவர்களின் வாயிலிருந்தே வருகிறது. நம் ஊருக்கு வெயில் புதிதா என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஏசியா இருந்தது என்கிறார்கள். ஃபேன் ஓடுகிறது, பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்கிறார்கள். கடைசியில், அதெல்லாம் பணக்கார இல்லங்களுக்குத்தான் கட்டுப்படியாகும் என்று முடிக்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் பழக்கம். உடம்பு வெயிலுக்குப் பழகும் என்பது உண்மைதான். வெயிலில் தொடர்ந்து வேலை செய்கிறவரின் உடம்பு ஒன்றிரண்டு வாரங்களில் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கிறது. வியர்வையில் உப்பை வீணாக்காமல் இருக்கவும் கற்றுக்கொள்கிறது. ஆனால் வெயிலை விட்டு விலகிய சில வாரங்களிலேயே அந்தப் பழக்கம் போய்விடும். இருபது வயதில் வயலில் நாற்று நட்ட உடம்பு, எண்பது வயதில் கட்டிலில் படுத்திருக்கும்போது அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டிருப்பதில்லை. இளமையில் ஓடிய ஓட்டத்தைச் சொல்லி, மூட்டு தேய்ந்தவரை யாரும் மாடிப்படி ஏறச் சொல்வதில்லை. வெயில் விஷயத்தில் மட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வயதான உடம்பில் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். வியர்வைச் சுரப்பிகள் மந்தமாகின்றன. சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியேற்ற இரத்தம் அதிகமாகப் பாய வேண்டும். அதற்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த இதயம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. நாக்கு வறண்டாலும் தாகம் தெரிவதில்லை. சிறுநீரகத்துக்கு நீரைச் சேமிக்கும் திறன் குறைந்திருக்கிறது. இவற்றோடு மாத்திரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர் பிரிக்கும் மாத்திரை உடம்பின் நீரை இறைக்கிறது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை, சூட்டுக்கு ஏற்ப இதயம் வேகமெடுப்பதைத் தடுக்கிறது. அடக்க முடியாத சிறுநீருக்கும் மனக்குழப்பத்துக்கும் தரும் மருந்துகளில் பல வியர்வையையே குறைக்கின்றன. காலையில் டப்பாவைத் திறந்து இத்தனையையும் கையில் கொடுத்துவிட்டு, பழகிய உடம்பு தாங்கும் என்று சொல்வது எப்படி நியாயம்?

“எனக்கு ஒண்ணும் பண்ணலை, நல்லாத்தான் இருக்கேன்” என்று அவர்களே சொல்கிறார்களே என்பார்கள். சொல்கிறார்கள்தான். சூட்டை உணரும் திறனும் வயதோடு குறைகிறது. மே மாதத்தில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சூடு உடம்பில் ஏறுவது தெரியாத ஒருவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால், அவரை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். நினைவு தப்பியவர்களுக்கோ சொல்லவும் வாயில்லை.

அடுத்தது, அந்தக் காலம். அந்தக் காலத்தில் ஏசி இல்லை, உண்மை. ஆனால் திண்ணை இருந்தது. முற்றம் இருந்தது. ஓட்டுக் கூரை பகலில் காய்ந்தாலும் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறியது. மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கூரை எட்டாத உயரத்தில் இருந்தது. வாசலில் வேப்பமரம். மத்தியானத்தில் கிழவர்கள் வெயிலில் தலைகாட்டவில்லை. மர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தார்கள். சாயங்காலம் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். இரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார்கள். நம் முன்னோர் வெயிலைத் தாங்கிக்கொண்டு கிடந்தார்கள் என்பது கற்பனை. வெயிலிலிருந்து ஒதுங்கும் வழிகளை வீட்டிலேயே கட்டி வைத்திருந்தார்கள்.

அந்த வழிகள் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுத்தான் இன்றைய இல்லத்தைக் கட்டியிருக்கிறோம். ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, பொழுது சாய்ந்த பிறகு அதை அறைக்குள் இறக்குகிறது. பத்தடி உயரக் கூரை. ஒரே பக்கம் ஜன்னல், கொசுவுக்காக அதையும் மூடி வலையடித்திருக்கிறது. பாதுகாப்புக்காகக் கதவு ஒன்பது மணிக்குப் பூட்டப்படுகிறது. இடறி விழுவார்கள் என்று மொட்டை மாடிக்கு விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் திண்ணையையும் மரத்தையும் வாசலையும் எடுத்துக்கொண்டவர், அவை கொடுத்த குளிர்ச்சியை வேறு எதிலாவது திருப்பித் தர வேண்டும். அந்தக் காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் அதை முழுதாகக் கூப்பிடட்டும்.

மூன்றாவது, ஃபேனும் தண்ணீரும். அத்தையின் அறைக்கு நான் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குப் போக நேர்ந்தது. வழக்கமாகப் பார்வையாளர்கள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வருவார்கள். கீழ்த்தளத்தில் ஏசி ஓடும் வரவேற்பறையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். நானும் அதுவரை அப்படித்தான் போய்வந்தேன். அன்று ஊரிலிருந்து வந்த பஸ் தாமதமானதால் கெஞ்சிக் கேட்டு மேலே போனேன். அறைக்குள் நுழைந்ததும் சுவரில் கை வைத்தேன். சோறு வடித்து இறக்கிய பானையைத் தொட்டது போல இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கூரையின் சூட்டை இழுத்துக் கட்டிலின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தையின் மெத்தையில் ரெக்சின் விரிப்பு, அதன் மேல் மெல்லிய ஒரு துப்பட்டி. துப்பட்டி சுருண்டு ஒதுங்கியிருந்தது. முதுகு ரெக்சினில் ஒட்டிக்கொண்டிருந்தது. புரட்டிப் படுக்க வைத்தபோது தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை வேர்க்குரு சிவந்து கிடந்தது.

தலைமாட்டில் ஸ்டீல் சொம்பில் தண்ணீர் நிரம்பி இருந்தது. தொடவே இல்லை. “ஏன் அத்தை குடிக்கலை?” என்றேன்.

“குடிச்சா எழுந்திருக்கணும்பா. அந்தப் பொண்ணு ஒருத்தியா பதினெட்டுப் பேரைப் பார்க்குது. நடுராத்திரியில எத்தனை தரம் அதைக் கூப்பிடறது?”

தண்ணீர் வைத்திருக்கிறோம் என்று இல்லம் சொன்னது பொய்யில்லை. ஆனால் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாத இடத்தில் தண்ணீர் வைப்பது, கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வா என்று கூப்பிடுவது போன்றது. முதியவர்கள் தாகத்தை மறந்து மட்டும் குடிக்காமல் இருப்பதில்லை. பிறருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று நினைத்தும் குடிக்காமல் இருக்கிறார்கள். அத்தனை நல்ல மனிதர்கள் அவர்கள். அந்த நல்ல குணமே அவர்களைக் கொல்லும்படி நாம் விடலாமா?

ஃபேன் விஷயத்திலும் நேராகப் பேசிவிடலாம். நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். அறைக் காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், வீசும் காற்று உடம்புக்குச் சூட்டைத்தான் கொண்டுவந்து சேர்க்கிறது. வியர்வை காய்வதால் கிடைக்கும் குளிர்ச்சி ஒன்றே மிச்சம். நன்றாக வியர்க்கும் இளைஞருக்கு அது உதவும். வியர்வை வற்றிய எண்பது வயதுக்காரருக்கு எப்படி உதவும்? அதிலும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில், வருகிற கொஞ்சம் வியர்வையும் காய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 60 வயது கடந்தவர்களின் அறை பகலில் 32 டிகிரிக்குக் கீழும் இரவில் 24 டிகிரிக்குக் கீழும் இருப்பது நல்லது என்கிறது. மே மாதச் சென்னையில் நள்ளிரவில் வெளிக்காற்றே 24-க்கு இறங்குவதில்லை. ஃபேன் அந்தக் காற்றைச் சுற்றிவிடும், குளிர வைக்காது.

இவ்வளவு பயம் தேவையா என்று கேட்கலாம். 2003 ஆகஸ்டில் பிரான்சில் மூன்று வாரத்துக்குள் ஏறக்குறைய 15,000 பேர் வழக்கத்துக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். தனியாக வீட்டில் கிடந்தவர்கள் மட்டும் இறக்கவில்லை. பராமரிப்பு இல்லங்களில், செவிலியர் கண்ணெதிரே இருந்தவர்களும் இறந்தார்கள். பாரிஸ் இல்லங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒன்று நெஞ்சை அறுக்கிறது. முழுக்கப் படுக்கையில் கிடந்தவர்களைவிட, ஓரளவு நடமாடிக்கொண்டிருந்தவர்களிடையேதான் ஒப்பீட்டளவில் இறப்பு கூடுதலாக உயர்ந்திருந்தது. நடமாடுகிறவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை நாம் இதிலிருந்து யோசித்துக்கொள்ளலாம். அந்த நாடு கற்றுக்கொண்டது. ஒவ்வொரு முதியோர் பராமரிப்பு இல்லத்திலும் குளிரூட்டிய பொது அறை ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2005-இல் சட்டமாக்கியது. வெப்ப அலை நாள்களில் எல்லோரையும் சில மணி நேரமாவது அங்கே கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள்.

அது குளிர் நாடு, அவர்களுக்கு வெயில் பழக்கமில்லை என்பார்கள். அப்படியானால் ஃபுளோரிடாவைப் பாருங்கள். நம் கடற்கரை போலவே புழுங்கும் மாநிலம். 2017 செப்டம்பரில் இர்மா புயல் அடித்தபோது ஹாலிவுட் என்ற ஊரிலிருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஏசிக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. விளக்கு எரிந்தது, ஃபேன் ஓடியது. குளிர்ச்சி மட்டும் இல்லை. சாலையைக் கடந்தால் பெரிய மருத்துவமனை. மூன்று நாள் பொறுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். 12 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களைக் கொலை என்று அதிகாரிகள் வகைப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே, மின்சாரம் போனாலும் 96 மணி நேரத்துக்கு 81 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், அதாவது நம் கணக்கில் 27 டிகிரி செல்சியஸுக்குள், இல்லத்தை வைத்திருக்கும் ஜெனரேட்டர் வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது.

நம் நாட்டுக் கணக்கே வேண்டுமா? 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். தலைமுறை தலைமுறையாக வெயிலில் வாழ்ந்த ஊர் அது. பழகிய உடம்புகள் அவை. அங்கே ஒரு மருத்துவமனையில் மகப்பேறு வார்டு மேல்மாடியில், நேராக மொட்டை மாடிக்குக் கீழே இருந்தது. அதைக் கீழே ஒரு தளத்துக்கு மாற்றினார்கள். சூட்டால் சிகிச்சைக்குச் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஒரு படிக்கட்டின் தூரம்தான். பச்சிளம் குழந்தைக்குச் செய்ததைப் பெற்றவர்களுக்குச் செய்ய முடியாதா?

இங்கே யாரும் அப்படி இறக்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கேள்வி உண்டு. எப்படித் தெரியும்? எண்பத்தைந்து வயதில் மே மாத விடியற்காலையில் ஒருவர் மூச்சடங்கிக் கிடந்தால், மாரடைப்பு என்றோ முதுமை என்றோ எழுதி முடிக்கிறோம். அறையில் வெப்பமானி இல்லை. இரவில் எத்தனை டிகிரி இருந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அளக்காத இடத்தில் கணக்கு எப்படி வரும்? தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு. ஆனால் முதியோர் இல்லத்தில் இறந்தவரின் குடும்பம் அதை நிரூபிக்க எந்த ஏட்டைக் காட்டும்?

கடைசியாகப் பணம். இந்த எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. ஆகவே கணக்குப் போட்டே பேசுவோம். எல்லா அறையிலும் ஏசி வேண்டாம். கீழ்த்தளத்தில் ஒரு கூடம், அதில் ஒன்றரை டன் ஏசி இரண்டு. ஒவ்வொன்றும் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 30 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றால் 300 ரூபாய். கூடத்தில் இருபது பேர் இருந்தால் தலைக்கு 15 ரூபாய், ஒரு டீயின் விலை. மூன்று மாதக் கோடைக்கு ஒருவருக்கு 1,350 ரூபாய். மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் வாங்கும் இல்லம் இதைக் கட்டுப்படியாகாது என்று சொல்ல முடியாது. ஏசி போட்டால் குளிருகிறது என்கிறார்களா? பதினெட்டில் வைத்தால் யாருக்கும் குளிரும். 26-இல் வைத்து, காற்று நேரே முகத்தில் படாமல் திருப்பி, ஃபேனை மெதுவாக ஓடவிட்டு, போர்வையைக் கையில் கொடுங்கள்.

இலவசமாக நடத்தும் இல்லங்களின் நிலை வேறு. அவர்களிடம் ஏசி கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது முதல் வேலை. கூரை வெயிலைத் திருப்பி அனுப்பினால் அறைச் சூடு சில டிகிரி இறங்கும். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. மேல்மாடிக்காரர்களைக் கோடை முழுவதும் கீழே இறக்குவது அடுத்தது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுவது, ரெக்சினுக்கு மேல் கனமான பருத்தி விரிப்புப் போடுவது, ஈரத்துணியால் மணிக்கொருமுறை கை கால் துடைப்பது, இரவுக்குக் கூடுதலாக ஓர் ஆயாவை வைப்பது. இதில் எதற்கும் பெரிய மூலதனம் தேவையில்லை. பிறந்தநாளுக்கும் திதிக்கும் முதியோர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டும் நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சித்திரையில் கட்டுகிறவர்கள், அன்றைய குளிர்ச்சிக்கும் அந்த இரவின் ஆயாவுக்கும் சேர்த்துக் கட்டலாம். முகம் தெரியாத வழிப்போக்கருக்குத் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோர் ஊற்றும் ஊர் இது. வழிநடை முடிந்து கட்டிலில் சேர்ந்தவர்களை அந்தப் பந்தலுக்கு வெளியே விட்டுவிடக் கூடாது.

ஏசி, சுண்ணாம்பு, ஆயா எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. தன் வீட்டில் இருக்கும் கிழவிக்குச் சூடு தாங்கவில்லை என்றால் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள், பக்கத்து வீட்டு நிழலுக்குப் போவாள், இரவில் கதவைத் திறந்து போடுவாள். இல்லத்தில் இருப்பவருக்கு எந்த அறை, எந்தக் கட்டில், எப்போது குளியல், எப்போது கதவு பூட்டுவது என்பதெல்லாம் வேறு ஒருவர் எடுக்கும் முடிவு. அத்தனை முடிவையும் கையில் எடுத்துக்கொண்டவர், அறையின் சூட்டுக்கு மட்டும் வெயிலைக் கைகாட்ட முடியாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்க வழிவகுக்கிறது. இல்லங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று தரநிலை வகுக்கும் அதிகாரத்தையும் மாநில அரசுக்குத் தருகிறது. அந்தத் தரநிலையில் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் பக்கத்தில் அறையின் வெப்ப அளவும் எண்ணாக எழுதப்பட வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி வருகைப் பதிவேட்டைப் போல வெப்பப் பதிவேட்டையும் கேட்க வேண்டும்.

அன்று இரவுக்குப் பிறகு சில நூறு ரூபாய்க்குச் சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்று வாங்கிப்போய் அத்தையின் அறையில் மாட்டினேன். மறுநாள் இரவு ஒன்பதரைக்கு நிர்வாகியை மேலே வரச் சொன்னேன். முள் 36-இல் நின்றது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். வாதாடவில்லை. “நான் ராத்திரியில மேல வந்ததே இல்லை சார்” என்றார். அந்த வாரமே மேல்மாடியில் இருந்த ஒன்பது பேரையும் கீழ்த்தளத்துப் பிரார்த்தனைக் கூடத்துக்கு இறக்கினார். கழிப்பறை நாலு எட்டில் இருந்தது. அத்தை இப்போது இரவில் தண்ணீர் குடிக்கிறார் என்று அந்த ஆயாப் பெண்தான் எனக்குப் போனில் சொன்னார்.

ஆகவே அப்பாவையோ அம்மாவையோ இல்லத்தில் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பார்க்கப் போகும்போது பழத்தோடு ஒரு வெப்பமானியும் வாங்கிப் போங்கள். வரவேற்பறையிலேயே பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு நாளாவது இரவு ஒன்பது மணிக்கு அனுமதி கேட்டு மேலே போய், அவர்கள் படுக்கும் கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் கை வைத்துப் பாருங்கள்.